தவளைகள் தூங்க வேண்டும்

வானிலை அறிக்கையை அவ்வளவு பக்தியோடு பார்த்த இன்னொருவரை நான் கண்டதில்லை. எங்கள் அலுவலகச் சாப்பாட்டு அறையில் ஒரு டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். நவம்பர் பிறந்துவிட்டால் அந்த அம்மா சூப் கிண்ணத்தோடு அதற்கு நேர் எதிரே போய் உட்கார்ந்துவிடுவார். வரைபடத்தில் மேற்கேயிருந்து பனிமேகம் ஏதாவது நீலமாக நகர்ந்து வந்தால் கரண்டி பாதியில் நின்றுவிடும். அது எங்களைத் தொடாமல் கடலுக்குப் போய்விட்டால், "போயிட்டு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மிச்சச் சூப்பைக் குடிப்பார்.

அவர் அப்படிச் சொல்லவில்லை, ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு ஒரு பழக்கம், மனதுக்குப் பிடித்தவர்கள் எந்த மொழியில் பேசினாலும் அது எனக்குள் பாளையங்கோட்டைத் தமிழாகத்தான் போய் விழும். அவரோடு பழகிய இத்தனை வருஷத்துப் பேச்சும் எனக்குள் இன்று அந்தத் தமிழில்தான் இருக்கிறது. ஆகவே அவரும் அவர் மகளும் இங்கே எங்கள் ஊர்த் தமிழ் பேசினால் அந்தக் குற்றம் என்னுடையது. அவர் பெயரை எழுதவில்லை. மகள் வேண்டாம் என்றாள்.

நான் வேலை பார்ப்பது நியூ ஜெர்சியில் ஈஸ்ட் பிரன்ஸ்விக் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில். அவர் அங்கே பாதுகாப்பு அதிகாரி. பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உள்ளே வந்தால் டைரக்டரையே வெளியே அனுப்பிவிடுவார். மினசோட்டாவின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவில் உள்ள பூர்வகுடிகளுக்கென்று சர்க்கார் ஒதுக்கிய ரிசர்வேஷன் நிலம் ஒன்றில் பிறந்தவர். சர்க்கார் தாள்களில் அவர்கள் பெயர் சிப்பேவா; தங்களுக்குள் அனிஷினாபே என்று சொல்லிக்கொள்வார்கள். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, நியூ ஜெர்சிக்காரர் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தார். "புருஷன் போயிட்டான், நியூ ஜெர்சி மட்டும் ஒட்டிக்கிட்டு" என்பார்.

நாங்கள் முதலில் பேசிக்கொண்டது பார்க்கிங்கில். வளாகத்துக்குள் புகையிலை கூடாது என்று அந்த வாரம்தான் அவர் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அன்று மாலை பார்த்தால், வேலியோரம் நின்ற சீடார் மரத்தடியில் அந்த அம்மாவே ஒரு சிவப்புத் துணிப் பையிலிருந்து புகையிலையைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"நீங்கதான நோட்டீஸ் ஒட்டுனிய?"

"நான் புகை பிடிக்கலையே" என்றார். கிள்ளிய புகையிலையை மரத்தின் வேரில் வைத்தார். ஏதோ முணுமுணுத்தார். அதற்கப்புறம்தான் ஒரு சின்னக் கொப்பை ஒடித்தார். "ஒருத்தர்ட்ட ஒண்ணு கேக்கப் போனா வெறுங்கையோடயா போவ?"

எங்கள் ஊரில் கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வெறுங்கையோடு போகமாட்டோம். மரத்திடம் போவதைப் பற்றி நான் யோசித்ததில்லை. சிரித்துக்கொண்டே காரில் ஏறினேன். மறுநாளிலிருந்து மதியச் சாப்பாடு இருவரும் சேர்ந்துதான்.

எல்லாவற்றுக்கும் அவருக்கு ஒரு வேளை இருந்தது. வேளை வராமல் எதையும் தொடமாட்டார். ஒரு நவம்பரில் எங்கள் வீட்டு கிறிஸ்துமஸ் கேக்கில் ஒரு துண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் எப்படி இருந்தது என்று கேட்டால், இன்னும் பிரிக்கவில்லை என்றார். கிறிஸ்துமஸ் மத்தியானம் போன் வந்தது. "கேக் நல்லாருக்கு. கிறிஸ்துமஸ் கேக்குன்னு நீதான சொன்ன, அதான் இன்னைக்குத் தின்னேன்." மீட்டிங்கில் ஆடிட் எப்போது என்று மேனேஜர் கேட்டால், "சர்க்கரை காய்ச்சுத மாசம்" என்பார். அது ஏப்ரல். அவர்கள் ஊரில் மேப்பிள் மரத்தில் பால் இறங்கி, அதைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கும் மாசம். ஜூன் என்றால் ஸ்ட்ராபெரி மாசம். கோடை முடிகிற நேரம் அரிசி மாசம். மேனேஜர் கடைசிவரைக்கும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அப்படிப்பட்டவரிடம் ஒரு டிசம்பரில் சாதாரணமாகக் கேட்டேன். "உங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்லுங்களேன்."

அவர் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். வெளியே நல்ல வெயில்.

"இப்ப முடியாது. தரையில ஸ்நோ கெடக்கணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. அவர்களுடைய பழங்கதைகளில் வருகிறவர்கள் கரடியும் பாம்பும் தவளையும், இன்னும் நம்மைவிடப் பெரியவர்கள் சிலரும். குளிர்காலத்தில் அவர்கள் எல்லாரும் உறங்கும்போதுதான் அவர்களைப் பற்றிப் பேசலாம். மற்றக் காலத்தில் பேசினால் தங்கள் பேச்சு அடிபடுகிறதே என்று எழுந்து வந்துவிடுவார்கள். அவருடைய மாமா ஒருவர் ஜூலை மாசத்தில் யாரோ கெஞ்சினார்கள் என்று ஒரு கதையைத் தொடங்கினாராம். அன்றைக்கு அவர் போர்வைக்குள் தவளை. இதைச் சொல்லும்போது அந்த அம்மா கொஞ்சமும் சிரிக்கவில்லை.

"வானத்துலருந்து விழுந்தா மட்டும் போதாது. விழுந்தது தங்கணும். தவளை தூங்கணும்" என்றார்.

"அப்ப ஸ்நோ வந்தா எனக்குச் சொல்லுவியளா?"

"முதல்ல எம் மவளுக்கு. அவ கேட்ட பொறவு ஒனக்கு."

மகள் ஹூஸ்டனில் பிசியோதெரபிஸ்ட். பனி என்ற பேச்சே இல்லாத ஊர். அவளுக்கு அந்தக் கதைகளில் ஒன்றுகூடத் தெரியாது என்று கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சின்ன வயதில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அப்ப இங்க முழங்கால் அளவுக்கு ஸ்நோ கெடக்கும். நான் பகல்ல ஒரு எடம், ராத்திரி ஒரு எடம்னு ரெண்டு வேலை பார்த்தேன். அவ அப்பனுக்கு இந்தக் கதையெல்லாம் பிடிக்காது. அடுத்த வருசம் சொல்லிக்கிடலாம், அடுத்த வருசம் சொல்லிக்கிடலாம்னு விட்டுட்டேன். புருஷன் போவான்னு எனக்குத் தெரியும். ஸ்நோ போவும்னு யாரு கண்டா?"

நான் வந்த புதிதில் இங்கே பனி விழுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அப்போது தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. பேச்சு சேர்ந்த பிறகு குளிர்காலம் காய்ந்துபோயிற்று. விழும், கார் கண்ணாடியில் கொஞ்சம் வெள்ளை காட்டும், பத்து மணிக்குப் புல் பச்சையாகத் தெரியும். அந்த அம்மா ஜன்னலருகே நின்று பார்த்துவிட்டு இடத்துக்குத் திரும்புவார்.

செப்டம்பர் கடைசியில் அவருடைய தம்பி அங்கிருந்து ஒரு பை அரிசி அனுப்புவார். ஏரியில் தானாக விளைகிற அரிசி. படகில் ஒருவர் நின்று கம்பை ஊன்றித் தள்ள, இன்னொருவர் கதிரை ஒரு குச்சியால் படகுக்குள் வளைத்து, மறு குச்சியால் தட்ட வேண்டும். படகில் விழுவது வீட்டுக்கு, தண்ணீரில் விழுவது அடுத்த வருஷத்துக்கு. அரிசி முற்றிவிட்டது என்று பெரியவர்கள் சொல்லும்வரை ஏரியில் யாரும் படகை இறக்கக் கூடாது. அரிசி நீள நீளமாக, கறுப்பாக, லேசாகப் புகைவாசத்தோடு இருக்கும். ஒரு வருஷம் அந்த அரிசியில் பாசிப்பருப்பும் மிளகும் போட்டுப் பொங்கல் வைத்து அவரை வீட்டுக்குக் கூப்பிட்டேன்.

சாப்பிடுமுன் ஒரு சின்னத் தட்டு கேட்டார். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கொண்டுபோய், பின்பக்கம் மரத்தடியில் புகையிலையோடு வைத்துவிட்டு வந்தார். செத்துப்போன அவர் அம்மாவுக்கும் அண்ணன்களுக்கும். எனக்குப் பயம். எங்கள் அப்பா சபையில் உபதேசியார். படையல் என்ற சொல்லே வீட்டில் கூடாது. எங்கள் சபையார் யாராவது அந்தத் தட்டைப் பார்த்திருந்தால் அடுத்த ஞாயிறு பிரசங்கமே எங்களைப் பற்றித்தான். ஆனால் அவர் திரும்பிவந்து பொங்கலை ஒரு வாய் வைத்து, "மிளகு கூடிட்டு. பரவால்ல, அரிசி கோவிக்காது" என்றபோது அந்தப் பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் செல்வின் சாஃப்ட்வேர் ஆள். எதற்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அன்றைக்கும் சொன்னார். "கதையெல்லாம் இப்பவே போன்ல ரெக்கார்டு பண்ணி வச்சிருங்க. ஸ்நோ வரும்போது உங்க மக போட்டுக் கேக்கட்டும்."

"ரெக்கார்டு பண்ணணும்னாலும் நான் வாயத் தொறந்துதான சொல்லணும்? தவளை முழிச்சிருக்கே."

"சரி, ஸ்நோ விழும்போதே ரெக்கார்டு பண்ணுங்க."

"போனுக்கு வெளிய ஸ்நோ கெடக்கா இல்லியான்னு எப்படித் தெரியும்? அது ஜூலையிலயும் பேசும்."

செல்வின் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவருக்கு அது அபூர்வம். அந்த அம்மா அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். "கவலப்படாதியும். இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்னு எல்லாம் மனசுக்குள்ள அடுக்கி வச்சிருக்கேன். எம் மவளுக்கு எங்க பாஷையில பத்துச் சொல்லுதான் தெரியும். அவளுக்குப் புரியுத மாதிரி சொல்லணும்லா."

சர்க்கரை நோய் வெகுநாளாக இருந்தது. ரிட்டயர் ஆன வருஷமே சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. டயாலிசிஸ். சனிக்கிழமைகளில் நான் அழைத்துக்கொண்டு போவேன். அந்தக் கார்ப் பயணங்களில்தான் அவர் அம்மாவைப் பற்றிச் சொன்னார். நான் எங்கள் ஊர்ப் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். மிஷன் பள்ளிக்கூடம் மட்டும் வராவிட்டால் எங்கள் குடும்பம் இன்னும் பனையேறிக்கொண்டிருக்கும், எங்கள் அப்பாவை ஆளாக்கியது அந்தப் பள்ளிக்கூடம்தான் என்றேன்.

"எங்க அம்மாவும் மிஷன் பள்ளிக்கூடந்தான்" என்றார். "வண்டி அனுப்பிப் பிடிச்சிட்டுப் போனாங்க. முடிய வெட்டுனாங்க. எங்க பாஷைல ஒரு வார்த்த பேசிட்டான்னு வாய்ல சோப்பப் போட்டுக் கழுவுனாங்க."

சிக்னல் பச்சையானதைப் பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் பார்த்தேன்.

"ஒங்க அப்பாவுக்கு எந்தப் பாஷைல சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"தமிழ்லதான். பைபிளும் தமிழ்தான்."

அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். டயாலிசிஸ் சென்டர் வாசலில் இறங்கும்போது, "குடுத்து வச்ச மனுஷன்" என்றார். பொறாமையோ கோபமோ அதில் இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் பெண்ணிடம் தமிழில் ஏதோ கேட்டேன். அவள் வழக்கம்போல ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது.

அவர் அம்மா பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகு பகலில் தன் பாஷையைப் பேசவே மாட்டாராம். பனிக்காலத்தில், அடுப்பைச் சுற்றி எல்லாரும் படுத்த பிறகு, கதை மட்டும் அந்தப் பாஷையில் வரும். கேட்ட பிள்ளைகளில் மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான். அண்ணன்மார் இருவரும் போய்விட்டார்கள். தம்பியைக் கைக்குழந்தையிலேயே சர்க்கார்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய் நெப்ராஸ்காவில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குத் தத்துக் கொடுத்துவிட்டார்கள். முப்பது வயதில் விசாரித்து விசாரித்துத் திரும்பி வந்தார். ஏரியைக் கற்றுக்கொண்டார். அம்மா அதற்குள் இல்லை. அந்தப் பாஷை பேசுகிறவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், வகுப்புகளும் நடக்கின்றன. ஆனால் அந்த அடுப்படியில் சொன்ன கதைகள் சொன்ன விதத்தில் இருந்தது இந்த டயாலிசிஸ் நாற்காலியில்தான்.

ஹூஸ்டன் மகள் பனி வரும் என்று டிவியில் சொன்னால் டிக்கெட் போடுவாள். வந்து இறங்குவாள். மழை பெய்யும். தாயும் மகளும் சோபாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்துவிட்டு பீட்சா சாப்பிடுவார்கள். ஒரு தடவை இரவெல்லாம் விழுந்து விடியும்போது நாலு விரல்கடை கிடந்தது. ஆனால் அவள் ஏற வேண்டிய விமானத்தை அந்தப் பனியாலேயே ரத்து செய்துவிட்டார்கள். போனில் சொல்லுங்கள் என்று நான் கெஞ்சினேன். அவர் மறுத்துவிட்டார். "அவ இருக்கது ஹூஸ்டன்ல. அவ காலுக்குக் கீழ தவளை குதிக்குது."

"அப்ப நீங்க உங்க ஊருக்கே போயிருங்களேன், அங்க இல்லாத ஸ்நோவா?" என்று நானே ஒரு குளிர்காலம் கேட்டுவிட்டேன். அதற்கும் ஏற்பாடு நடந்தது. அந்த ஊருக்குப் பக்கத்திலேயே டயாலிசிஸுக்கு இடம் பிடித்து, மகள் டிக்கெட்டும் எடுத்தாள். கிளம்புகிற வாரம் ரத்தத்தில் கிருமி ஏறி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது இருதயம் பாதிதான் வேலை செய்தது. இனிமேல் தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அப்போதுதான் செல்வின் தன் அடுத்த வழியைக் கொண்டுவந்தார். பென்சில்வேனியாவில், இரண்டு மணி நேர டிரைவில், பனிச்சறுக்கு விளையாடும் மலை இருக்கிறது. அங்கே எப்போதும் பனி இருக்கும். மகளும் வந்தாள். சக்கர நாற்காலியைப் பின்னால் போட்டுக்கொண்டு ஒரு பிப்ரவரிச் சனிக்கிழமை, டயாலிசிஸ் இல்லாத நாளாக மாற்றி வாங்கிக்கொண்டு போனோம்.

மலை வெள்ளையாகத்தான் இருந்தது. மலைக்கு இரண்டு பக்கமும் காடு பழுப்பாக இருந்தது. அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஓரத்தில் ஒரு பெரிய விசிறி இரைந்துகொண்டு பனியைத் துப்பிக்கொண்டிருந்தது.

"அதுல தண்ணி எங்கருந்து வருது?" என்று கேட்டார்.

"குளத்துலருந்து பைப் போட்டிருக்கான்" என்றார் செல்வின்.

"அந்தக் குளத்துல தவளை இருக்கும்லா?"

செல்வின் விசிறியைத் திரும்பிப் பார்த்தார்.

"தவளை இருக்க தண்ணிய எடுத்து, தவளை தூங்குதுன்னு தவளைகிட்டயே காட்டுதாங்க" என்று சிரிக்க ஆரம்பித்தார். மகளும் சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் நாற்காலியே ஆடியது. அப்புறம் மகள் எழுந்து கழிவறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. எல்லாரும் ஹாட் சாக்லேட் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டோம். அவர் குடிக்கக் கூடாது, கப்பைக் கையில் மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அவர் மேல் கோபம் வந்த நாட்கள் உண்டு. ஒரு விதிதானே, ஒரு தடவை மீறினால் என்ன, பெற்ற பிள்ளைக்குக் கொடுக்காமல் யாருக்காகச் சேர்த்து வைத்திருக்கிறார் என்று. ஒரு சனிக்கிழமை அதைக் கேட்டும்விட்டேன்.

"எங்க அம்மா வாய்ல சோப்பப் போட்டும் அவ இந்த ஒண்ண விடல. நான் சும்மா விட்டுட்டா, சோப்புப் போட்டவன் ஜெயிச்ச மாதிரி ஆயிரும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "எம் மவளுக்குச் சொல்லாம செத்தாலும் அவன்தான் ஜெயிச்சான். அதுவும் தெரியும்" என்றார்.

போன ஜனவரியில் டயாலிசிஸ் போதும் என்று அவரே சொல்லிவிட்டார். நிறுத்தினால் அதிக நாள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். ஹாலில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டார்கள். கடைசி நாட்களைக் கவனிக்கும் ஹாஸ்பிஸ் நர்ஸ் வந்து போவார். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும், வானிலைச் சேனல்தான். நான் ஜெபத்தில் அதுவரை எது எதையோ கேட்டிருக்கிறேன், பனி கேட்டது அப்போதுதான். முதலில் இரண்டு நாள் அவர் நன்றாகப் பேசினார். வெளியே ஐம்பது டிகிரி பாரன்ஹீட், பனி விழுகிற குளிர் இல்லை. தம்பியோடு போனில் பேசினார், ஹூஸ்டனில் டயர் மாற்றச் சொல்லி மகளுக்கு ஞாபகப்படுத்தினார். பிறகு ரத்தத்தில் விஷம் ஏற ஏற, தூக்கம் கூடியது. பேச்சு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மகள் போனில் கூப்பிட்டாள்.

"கிரேஸ், தங்கிட்டு."

திரையை விலக்கிப் பார்த்தேன். எங்கள் தெருவும் வெள்ளையாக இருந்தது. காரிலிருந்து பனியை வழித்துத் தள்ளிவிட்டு, சேலையோடேயே அவர் வீட்டுக்கு ஓடினேன்.

மகள் ஒரு கிண்ணத்தில் பனி அள்ளிவந்து அவர் உள்ளங்கையில் வைத்திருந்தாள். அவர் கண் திறந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மகள் அந்தச் சிவப்புப் பையிலிருந்து கொஞ்சம் புகையிலை எடுத்துக்கொண்டு வெளியே போய் வைத்துவிட்டு வந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டாள். சின்னப் பிள்ளை கதை கேட்க உட்கார்வதுபோலத்தான் உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயது.

அவர் பேசத் தொடங்கினார். குரல் முதலில் கரகரத்தது, பிறகு தெளிந்தது. நான் ஆங்கிலம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மனதுக்குள் அடுக்கி வைத்த ஆங்கிலமெல்லாம் அந்த விஷத்தில் முதலில் போயிருக்கிறது. மிஞ்சியது அடுப்படியில் கேட்ட பாஷை.

"அம்மா, இங்கிலீஷ்ல" என்றாள் மகள் மெதுவாக. அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மேலே சொல்லிக்கொண்டு போனார். ஆங்கிலத்தில் சொல்வதாகவே நினைத்திருப்பார்.

கதைக்குள் ஒருவர் கட்டைக் குரலில் பேசினார், ஒருவர் கீச்சுக் குரலில் பேசினார். யாரோ எங்கோ நடந்து போனார்கள், அவர் விரல்கள் போர்வை மேல் நடந்தன. "மக்வா" என்று ஒரு சொல் வந்தபோது மகள் என் பக்கம் திரும்பினாள். "கரடி" என்றாள். "கரடி ஒண்ணு வருது." கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் என்ற சொல்லைப் பிடித்தாள். அவ்வளவுதான். ஓரிடத்தில் அவர் நிறுத்தி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. நாங்கள் சிரித்தோம். அவருக்குத் திருப்தி, மேலே சொன்னார்.

என் கை என் பையிலிருந்த போனைத் தேடியது. அந்த ஊரில் யாராவது கேட்டு அர்த்தம் சொல்லுவார்களே. மகள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் போனும் மேஜை மேல்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை இழுப்பறையில் வைத்து மூடிவிட்டு வந்தாள்.

"அது ஜூலையிலயும் பேசும்" என்றாள். அம்மா அவளிடமும் அதைச் சொல்லியிருக்கிறார்.

எனக்கு அவளை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவளைக் கட்டிக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்ன எல்லாவற்றையும் இத்தனை வருஷமாக என் தமிழில் வாங்கி வைத்திருந்தவள் நான். அன்று ஒரு வார்த்தைகூட உள்ளே விழவில்லை. சத்தம் மட்டும் வந்து போய்க்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு மேல் வெயில் வந்தது. கூரைக் குழாயில் பனி உருகும் சொட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் நான்தான் கேட்டேன். மகளும் கேட்டாள். எழுந்து ஜன்னலை இறுக்கி மூடினாள், திரையை இழுத்துவிட்டாள், டிவி சத்தத்தைக் கூட்டினாள். அதற்குள் அவர் நிறுத்திவிட்டார். தலையைச் சாய்த்து அந்தச் சொட்டையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக ஒரு விரலைத் தூக்கி உதட்டின் மேல் வைத்தார்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அந்த வாரமே போய்விட்டார். உடலை வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே தம்பி, அவர்கள் வழக்கப்படி, அவருக்காக நெருப்பு மூட்டி அணையாமல் காத்தார் என்று கேள்விப்பட்டேன். வீட்டைக் காலி செய்ய மகள் மறுபடி வந்தபோது, திரும்பிப் போகிற அன்று நெவார்க் விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். பிப்ரவரி, நல்ல மழை.

பாதி வழிவரை அவள் கார்க் கண்ணாடியில் வழிகிற மழையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, "கிரேஸ், நீ என்ன நினைக்கே? கதை முடிஞ்சிட்டா, இல்ல அம்மா நிப்பாட்டிட்டாளா?" என்று கேட்டாள்.

முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் அதைத்தான் எதிர்பார்த்தாள். ஆனால் உதட்டின் மேல் வைத்த அந்த விரலை நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருந்தோம்.

"பாதியிலதான்" என்றேன்.